ஆனி மாதத்தில் வாங்கிய யூ.பி.எஸ்.

அண்ணா,

நேற்று வங்கிக்குப் போயிருந்தேன், பாஸ் புத்தகத்தில் பதிந்துகொண்டு வர. வரிசையில் நிற்கும்போது கரண்ட் போனது. மேஜைக்கு அடியிலிருந்து விட்டுவிட்டு ஒரு சத்தம் கிளம்பியது. யாரும் தலைதூக்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் தட்டுவதைக்கூட நிறுத்தவில்லை. நான் மட்டும் சத்தம் வரும் இடத்தைத் தேடிக் குனிந்து பார்த்தேன். பின்னால் நின்றவர், "பெரியவரே, ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று நிமிர்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். வாயால் பேசினால் இவள் பயப்படுவாள், அதனால் எழுதுகிறேன்.

அக்காவை நீங்கள் கட்டினீர்கள், தங்கையை நான் கட்டினேன். சகலைகள் சேர்ந்து தொழில் செய்தால் இரண்டு வீட்டிலும் சோறு கிடைக்காது என்று உறவில் பயமுறுத்தினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஸ்டோர்ஸ் கணக்குப் பார்த்த கம்பெனி மூடிவிட்டது. மூக்கண்டப்பள்ளியில் உங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். நான்கு மெஷின்களைக் கொடுத்துவிட்டு ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிப் போட்டீர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஜாதகம் கணித்துப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் ஒன்றைப் பெங்களூரிலிருந்து பிடித்துவந்தீர்கள். எங்கெங்கிருந்தோ வந்து தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள் நிறைந்த இடம். பெண் கொடுக்கவும் எடுக்கவும் எல்லாருக்கும் ஜாதகம் வேண்டும். உங்களுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை உண்டா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. அதைப் பார்க்க வருகிற மனிதர்கள் மேல்தான் உங்களுக்கு ஆர்வம். எனக்கோ மெஷின் போடுகிற கட்டங்களைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது வேலை. கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவன் அதைச் செய்கிறானே என்று எனக்கு நானே கூச்சப்பட்டுக்கொண்டு செய்தேன்.

மஞ்சுளா வீட்டார் வந்தது வைகாசி முடியும்போது. அவள் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள். பையன் பக்கத்துக் கம்பெனியில் ஃபிட்டர், சூளகிரிக்காரன். இருவரும் ஒரே ஷிப்ட் பஸ்ஸில் பழகியவர்கள். அது தெரியாததுபோலவே இரு வீட்டாரும் நடந்துகொண்டு, பொருத்தம் இருந்தால் செய்யலாம் என்று நம் கடைக்கு வந்திருந்தார்கள். பையனுக்குத் தாய் இல்லை. வளர்த்த அத்தை சொல்வதுதான் முடிவு.

பிரிண்டர் ராசிக் கட்டத்தை அடித்தது, நவாம்சத்தை அடித்தது, தசா புத்தியின் நடுவில் ஒரு வரியைப் பாதி அடித்தபோது கரண்ட் போனது. எல்லாரும் ஃபேனைப் பார்த்தோம். இருட்டில் அந்த அத்தை எழுந்து நிற்பது தெரிந்தது. "பாதியில நின்ன காரியம். வேணாம்" என்றார். அவ்வளவுதான். பையன் தலையைக் குனிந்துகொண்டு அவர் பின்னால் போனான்.

மஞ்சுளாவின் அப்பா மட்டும் போகவில்லை. மெழுகுவத்தி ஏற்றிய பிறகும் கிழித்தெடுத்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஜாதகம் சரியில்லையா, கரண்ட்டு சரியில்லையா?"

"பொருத்தம் இன்னும் வரவே இல்லீங்க. நின்னது கரண்ட்டுதான்" என்றீர்கள் நீங்கள்.

"அத நான் நம்புறன் சார். அந்தம்மா நம்பணுமே."

மறுநாள் நீங்களே சூளகிரிக்குப் போனீர்கள். அந்த அம்மாவிடம் என்ன பேசினீர்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது ஒரு முழுப் பலாப்பழத்தோடு வந்தீர்கள். ஆடி பிறப்பதற்குள் ஒரு தடவை வந்து பார்ப்பார்களாம். இன்னொரு முறை நின்றால் அந்தப் பெண்ணின் பேச்சையே எடுக்கக் கூடாதாம். அந்த ஆனி மாதத்தில்தான், கரண்ட் போனாலும் மெஷினை ஓடவைக்கும் யூ.பி.எஸ். பெட்டியை நாம் தேட ஆரம்பித்தோம்.

என் வழக்கப்படி ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டேன். எத்தனை வி.ஏ., அதாவது எவ்வளவு பளுவைத் தாங்கும்; எந்த வகை பேட்டரி; கரண்ட் போனால் எத்தனை நேரம் நிற்கும்; ரிப்பேர் பார்க்க ஆள் எங்கிருந்து வருவார். ஒவ்வொரு கம்பெனி விளம்பரத் தாளையும் படித்து நிரப்பினேன். நீங்கள் ஒரு தாளும் படிக்கவில்லை. பாங்க்குக்குப் போய், எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குப் போய், அங்கங்கே இருக்கும் பெட்டிகளைப் பார்த்து, அதோடு குடித்தனம் நடத்துகிறவர்களிடம் பேசிவிட்டு வந்தீர்கள். நம் தெரு லைன்மேனோடு டீ குடித்தே, கரண்ட் போவது மட்டும் முக்கியமில்லை, வந்து உடனே மறுபடி போகிறதே அதுதான் சங்கடம் என்று கண்டுபிடித்தீர்கள். முதல் தடவை காலியான பேட்டரி இரண்டாம் தடவைக்குள் நிரம்பியிருக்க வேண்டும். இது எந்த விளம்பரத் தாளிலும் இல்லை. என் கட்டத்தில் இன்னொரு பத்தி சேர்த்தேன். நீங்கள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்குது. இதுல மஞ்சுளா எங்க சகலை?" என்றீர்கள்.

பெங்களூரிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். அழகான சின்னப் பெட்டி. பிரிண்டரை அதில் சேர்க்க வேண்டாம், கரண்ட் வந்த பிறகு அடித்துக்கொள்ளலாம், டேட்டா பத்திரமாக இருந்தால் போதும் என்று பொறுமையாக விளக்கினார். வேறு எந்தத் தொழிலுக்கும் அவர் சொன்னது சரி.

"எங்களுக்கு டேட்டா போனாக்கூடப் பரவால்லீங்க. பிரிண்டர்தான் நிக்கக் கூடாது" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். படித்தவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்திருப்பார். நான் தாளைப் பார்த்துக்கொண்டேன்.

சோதித்துப் பார்க்க ஒரு ஜாதகம் வேண்டுமே? உங்களுடையதையே போடச் சொன்னீர்கள். மெயின் சுவிட்சை அணைத்தோம். பெட்டி பிடித்துக்கொண்டது, பிரிண்டர் ஓடியது. ஆயுளைச் சொல்லும் பகுதிக்கு ஆயுள் பாவம் என்று தலைப்பு அடித்து அடுத்த வரி தொடங்கியது. அங்கே நின்றுவிட்டது. காலையிலிருந்து நாலு இடத்தில் காட்டிவிட்டு வந்ததால் பேட்டரியில் சார்ஜ் இல்லை என்றார் அவர். நியாயமான காரணம்தான். ஆனாலும் நான், இது வெறும் பேட்டரி என்று எனக்குள் சொல்லிக்கொண்டே அந்தத் தாளைக் கிழித்துச் சுருட்டி, யாரும் பார்க்காத இடத்தில் போட இடம் தேடினேன். நீங்கள் என் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தீர்கள்.

"இப்பத் தெரியுதா சகலை, அந்தம்மாவுக்கு எப்பிடி இருந்திருக்கும்னு?"

அதற்குப் பிறகும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் திடமாக இருந்தீர்கள். இருந்தாலும் அந்த வருடங்களில் உங்களுக்கு ஒரு காய்ச்சல் என்றாலும் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வரும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்து சேலத்துக்காரர் வந்தார். அவருடைய பெட்டி இரும்பு பீரோவை வெட்டிச் செய்ததுபோல இருந்தது. லாரிக்குப் போடுவதுபோல இரண்டு பேட்டரிகள் தனியாக. ஜாதகம் முழுவதும் அடித்து முடிந்தது, மறுபடி அடித்தோம், அப்போதும் நிற்கவில்லை. ஒரே குறை, கரண்ட் போனதும் அது போட்ட கூச்சல். எதிர்வீட்டு அம்மா, குழந்தை எங்கே அழுகிறது என்று வந்து பார்த்தார். வந்தவர்கள் இதைக் கேட்டால் என்ன ஆகும்? ஒயரை அறுத்துவிட்டால் சத்தம் வராது என்று சேலத்துக்காரர் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அண்ணா, கரண்ட் போறத சகுனமா நினைக்கிறவங்க அவங்க. போனதையே தெரியாம பண்ணிட்டா, அது அவங்கள ஏமாத்தற மாதிரி இல்லையா?"

"ஏன் சகலை, சகுனம்னா கரண்ட் ஆபீஸ் வழியாத்தான் வரணுமா?"

சேலத்துக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் நீங்கள் சிரித்து முடித்ததும் அவர் கையிலிருந்த கட்டிங் பிளேயரை வாங்கிக்கொண்டீர்கள். பிறகு, ஒயரை அறுக்க வேண்டாம், கத்துவது கத்தட்டும் என்று சொல்லிவிட்டீர்கள்.

அப்படியும் நான் முடிவு செய்யவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவன் நான் என்று நீங்கள்தான் வைத்திருந்தீர்கள். பெங்களூர் ஒரு மணி நேரம். ஏதாவது கெட்டுப்போனால் ஆள் உடனே வந்துவிடுவார். சேலத்திலிருந்து ஆள் வர அரை நாள் ஆகும். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மறந்துவிட்டால்? கட்டங்களை அழித்து அழித்து எழுதினேன். ஒரு மாலை நீங்கள் வெளியே போயிருந்தபோது மஞ்சுளா ஷிப்ட் முடிந்து சாப்பாட்டுக் கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"சார், அந்தப் பெட்டி எப்ப வாங்குவீங்க?"

நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டு பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவள்; மரியாதைக்குக் கேட்டுக்கொண்டாள்.

"எதுனா ஒண்ணு வாங்குங்க சார். ஆடி பொறந்துட்டா அவங்க பேச மாட்டாங்க. அவுங்க அத்தை வேற எடத்துல பொண்ணு பாத்துட்டு வந்துட்டாங்க."

அவள் போன பிறகு அந்தத் தாளை மடித்துவைத்தேன். மறுநாள் காலையில் சேலத்துக்குப் போன் செய்தோம்.

ஆனி கடைசி ஞாயிறு. இருட்டினால் பயம் கூடும் என்று பகலிலேயே வரச் சொல்லியிருந்தீர்கள். ஜன்னல்களைத் திறந்துவைத்திருந்தீர்கள். அத்தையை முன்னால் உட்கார வைத்து, இந்தப் பெட்டி எதற்கு என்று அவர் வீட்டுப் பேச்சான தெலுங்கில் விளக்கினீர்கள். கரண்ட் போனால் இது கத்தும், நான் இருக்கிறேன் என்று சொல்வதற்காகக் கத்துகிறது என்றீர்கள். இந்த முறை மஞ்சுளாவும் வந்து அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

பிரிண்டர் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், ஃபேன் நின்றது. எதிரே மாவு மில்லின் சத்தமும் அடங்கியது. நம் பெட்டி கூச்சல் போட்டது. அதற்கு நடுவே பிரிண்டர் மட்டும் வரி மாறி வரி மாறி ஓடிக்கொண்டே இருந்தது.

"ஊரந்தா போயிந்தா?" என்று அத்தை கேட்டார். ஊர் முழுக்கப் போய்விட்டதா என்று.

"ஊரந்தா போயிந்தம்மா. இக்கட மாத்ரம் போலேது." ஊரெல்லாம் போய்விட்டது, இங்கே மட்டும் போகவில்லை என்றீர்கள்.

அத்தை வெளியே போய்த் தெருவைப் பார்த்தார். நின்றுபோன மாவு மில்லைப் பார்த்தார். திரும்பி வந்து, தாள் மடிந்து மடிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"ஊரே நின்னு போச்சு. நம்ம புள்ளைங்களுது நிக்கல."

கடைசியில் பொருத்தம் வந்தது. பத்துக்கு ஆறு. ரொம்ப நல்லது என்று சொல்ல முடியாது, மோசமும் இல்லை. எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடுவதற்குள் அந்த அம்மா தாளை வாங்கி, படிக்காமலே மடித்து மஞ்சுளாவின் அப்பா கையில் வைத்துவிட்டார். ஆவணியில் கல்யாணம்.

அதன் பிறகு நடந்த கூத்தில்தான் உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம். விஷயம் பரவி, கரண்ட் போகிற நேரம் பார்த்து ஜாதகம் போட வந்தார்கள். அஞ்செட்டியிலிருந்து இருக்கிற ஒன்றிரண்டு பஸ்ஸைப் பிடித்து வந்து, கரண்ட் போகும்வரை வாசலில் காத்திருந்த ஒரு குடும்பம்கூட உண்டு. அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போகவே இல்லை. அவர்கள் இன்னொரு நாள் வருகிறோம் என்று போய்விட்டார்கள். பேட்டரி சீக்கிரம் கெடும் என்று நான் புலம்பினேன். இந்த மாதிரி மனுஷங்களை வேறு எங்கே பார்ப்பாய் என்றீர்கள் நீங்கள்.

இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு ஃபேன் நின்றபோது, அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கி அதைப் பார்த்தோம். கரண்ட் போனால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். நான் தற்செயலாகத் தலையை இறக்கியபோது, நீங்கள் மட்டும் ஃபேனைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் திங்கட்கிழமை லைன்மேன் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் எப்போதும் வருகிறவர்தான். அதற்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கரண்ட் போவதும் புதிதில்லை. எத்தனையோ கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்றைக்குக் கரண்ட் தானாகப் போனதுதானா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பீர்களோ, இல்லை, இப்படியா என்னைப் பற்றி நினைத்தாய் என்று வருத்தப்படுவீர்களோ என்று ஒவ்வொரு முறையும் அடுத்த முறைக்குத் தள்ளினேன். போன புரட்டாசியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் காரியத்துக்கு மஞ்சுளா புருஷனோடும் பெரிய மகனோடும் வந்திருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாள். லைன்மேன் ஓய்வு பெற்று இப்போது சூளகிரியில் அவர்கள் தெருவிலேயே மகன் வீட்டில் இருப்பதாக அவள்தான் சொன்னாள். கண் சரியாகத் தெரியவில்லையாம், பேச்சு தெளிவாக இருக்கிறதாம். உங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சூளகிரி பஸ் ஏறலாம் என்றிருக்கிறேன். தெரிந்து என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. இந்த ஆசை என்னுடையது இல்லை அண்ணா, உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. எப்படிக் கேட்பது என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது. நீங்களாக இருந்தால் கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வாங்க ஒரு டீ சாப்பிடலாம் என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போயிருப்பீர்கள்.

நானும் முதலில் டீ வாங்கிக் கொடுக்கப் போகிறேன்.