இலத்தூர் என்று ஒரு முயல்

முந்தாநாள் காலை எங்கள் குளியலறை அலமாரியில் ஒரு முயலைப் பார்த்தேன். மகள் சென்னையிலிருந்து குற்றாலச் சாரல் சீசனுக்கு வந்திருக்கிறாள். அவள் கொண்டுவந்த ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு முயல் தாவிக்கொண்டிருந்தது. தலையில் எண்ணெய் வழிய, மூக்குக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, பாட்டிலை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டு நின்றேன். அந்தக் கோலத்தை நீ பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பாய். செத்துப்போனவளுக்கு இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. நீயாக இருந்தால் எழுதியிருப்பாய்.

வெளியே வந்து மகளிடம் கேட்டேன்.

"அதாம்மா? முயல்ல டெஸ்ட் பண்ணலைன்னு அர்த்தம்."

"அப்ப எதுலட்டி பண்ணுனாவ?"

"கண்ணாடித் தட்டுல மனுசத் தோல் செல்லை வளத்து அதுல பாப்பாங்க. கம்ப்யூட்டர்லயும் கணக்குப் போடுவாங்க."

"அந்தச் செல்லு யாரோடது?"

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயும் அந்த அத்தை மாதிரியே கேக்க ஆரம்பிச்சுட்டியேம்மா" என்றாள். அந்த அத்தை நீதான்.

குற்றாலத்துக் கல்லூரியில் நாம் விலங்கியல் படித்தபோதே நீ அப்படித்தான். தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்திக் குண்டூசி குத்தச் சொன்ன அன்று வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. நீ மட்டும் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தாய். "மேடம், இதுக்கு இப்ப என்னெல்லாம் தெரியும்?" என்று கேட்டாய். மயக்கத்தில் இருக்கிறது, ஒன்றும் தெரியாது என்றார்கள். "மயக்கத்துக்கு முந்தி?" என்றாய். வேலையைப் பார் என்று பதில் வந்தது. வேலையையும் பார்த்தாய். நரம்பு ஒன்றுகூட அறுபடாமல் இருந்த தட்டு உன்னுடையதுதான். இரக்கப்பட்டு ஒதுங்குகிற ஆள் இல்லை நீ. கை வேலையையும் முடிப்பாய், கேள்வியையும் விடமாட்டாய். அதுதான் எனக்கு உன்னிடம் புரியாததும் பிடித்ததும்.

படிப்பு முடிந்ததும் எனக்குத் தென்காசியில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. உனக்கு ஐதராபாத்தில் ஒரு சோதனைச்சாலை. ஷாம்பு, முகத்துக்குப் பூசும் கிரீம் என்று எது வந்தாலும் கடைக்குப் போகுமுன் முயலின் கண்ணில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது உன் வேலை. "ஏன் முயலு?" என்று நான் கேட்டதற்கு, "அதுக்குக் கண்ணீர் கம்மிட்டி. விட்டது வழிஞ்சு போவாது. அதான் அத எடுத்தாவ" என்றாய்.  எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுகிறது என்று போனை வைத்துவிட்டாய்.

ஒவ்வொரு முயலுக்கும் காதில் ஒரு நம்பர். நீ அதோடு விட்டாயா? தென்காசியிலிருந்து புளியங்குடி போகும் பஸ்ஸில் கண்டக்டர் சத்தம் போடும் ஊர்களை எல்லாம் வரிசையாக அவற்றுக்குப் பேராக வைத்தாய். இலத்தூர், கொடிக்குறிச்சி, இடைகால், கடையநல்லூர், சொக்கம்பட்டி, புளியங்குடி. கூண்டுகளுக்கு நடுவே நடந்தால் ஊருக்குப் போவது போல இருக்கிறது என்று நீ எனக்குச் சொன்னது பிறகுதான். அந்தப் பேரால் வந்த கூத்தை நீ நேரில் பார்க்கவில்லை. எத்தனை தடவை சொன்னாலும் மறுபடி சொல்லச் சொல்வாய். இன்னொரு தடவை கேள்.

அன்று பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு உன் அம்மாவிடம், "இலத்தூர் போயிருச்சும்மா" என்று அழுதிருக்கிறாய். அதோடு லைன் அறுந்துவிட்டது. உன் அக்காவைக் கட்டிக்கொடுத்தது இலத்தூரில். அக்காவின் மாமனாருக்கு அப்போது உடம்பு சரியில்லை. ஐதராபாத்தில் இருக்கிறவளுக்கு இலத்தூர்ச் சாவு எப்படி முதலில் தெரியும் என்று உன் அம்மாவும் யோசிக்கவில்லை, படித்த நானும் யோசிக்கவில்லை. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க நேரத்தோடு போகாவிட்டால் சம்பந்தி வீட்டில் காலத்துக்கும் பேச்சாகிவிடும் என்ற பயம் ஒன்றுதான். கடைத்தெருவில் ரோஜா மாலை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். தெரு முனையிலேயே உன் அம்மா தலைமுடியை அவிழ்த்துக்கொண்டாள்.

உள்ளே போனால் செத்துப்போனவர் வாழை இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "வாங்க மதினி, என்ன மாலையும் கையுமா?" என்று கேட்டார். உன் அம்மா அசரவில்லை. முடியை அள்ளிக் கொண்டை போட்டாள். "பெருமாளுக்கு நேந்துகிட்டோம். போற வழியில ஒங்களையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றாள். அவர் எங்களுக்கும் இலை போடச் சொன்னார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் சாம்பாரை முழுங்கிய பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுவாரம் செத்தது முயல் என்று நீ போனில் உன் அம்மாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.  "பேரு வச்சுட்டேல்லா. பேரு வச்ச உசுரு போனா துட்டி கேக்க ஆளு வேணும்லா. நாங்க போனது அதுக்குன்னே இருக்கட்டும்" என்றாள். அந்தப் பக்கம் நீ என்ன கேட்டாய் என்பதைப் பிறகு நீயே சொன்னாய். "மிச்சத்துக்கு யாரும்மா போவா?"

அந்த வருஷம் சாரலுக்கு நீ லீவில் வந்தாய். ஐந்தருவியில் குளிக்கப் போனோம். பாறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பையிலிருந்து ஒரு ஷாம்புப் பாக்கெட்டைக் கிழித்து உன் வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டாய். 

"ஏட்டி, பைத்தியமா ஒனக்கு?"

"பொறு. எரியுது, நல்லா எரியுது." ஒற்றைக் கண்ணை இறுக்கிக்கொண்டு, பரீட்சைத்தாள் திருத்துகிறவள் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாய். "ஆனா பாதி எரிச்சல்தான். அருவி அங்கன விழுது, கழுவிக்கிடலாம்னு எனக்குத் தெரியும்லா. அந்த மிச்சப் பாதியத்தான் என்னால பாக்க முடியல."

உன்னை இழுத்துக்கொண்டு போய் அருவிக்குள் தள்ளினேன். வெளியே வந்தபோது இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. எது ஷாம்பு, எது அழுகை என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கே செங்கோட்டை ரோட்டில் உட்கார்ந்து புரோட்டாவும் நாட்டுக்கோழி வறுவலும் ஒரு பிடி பிடித்தோம். இதைத் தின்கிறவளுக்கு முயலைப் பற்றிப் பேச வாய் உண்டா என்று நான் சீண்டினேன். கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டே நீ யோசித்தாய். "அதத்தான் நானும் கேக்குதேன். கோழி எனக்குச் சோறு. தப்போ சரியோ, அத அப்படித்தான் நெனைக்கேன். முயலு எனக்குப் பதிலாளுட்டி. நம்ம கண்ணு மாதிரி இருக்கதாலதான் அதுல விடுதோம். நம்ம கண்ணு மாதிரின்னா நமக்கு எரியுத மாதிரி எரியும்லா. நம்ம கண்ணு மாதிரி இல்லன்னா எதுக்கு விடணும்?" நான் இன்னொரு புரோட்டா சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னாய். சோதனை முடிந்த மிருகத்தைக் கொன்றால், பலி கொடுத்ததாகத்தான் இங்கிலீஷில் எழுத வேண்டுமாம். "சாமி எதுன்னு கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. நம்ம சொடலைமாடன் கோயில்லகூட கெடா மேல தண்ணி தெளிச்சு, அது ஒடம்பச் சிலுப்புனாத்தான் வெட்டுவாவ. கேக்குத மாதிரி நடிக்கவாவது செய்யுதாவ. நாங்க அதுகூடக் கேக்கல."

பிறகு அழகுச் சாமான்களுக்கு மிருகங்களில் சோதனை செய்யக் கூடாது என்று நாட்டில் சட்டம் வந்தது. எனக்கு மிட்டாய் வாங்கி அனுப்பினாய். உன்னை மருந்துப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே எலியும் நாயும். நாய்களுக்கு என்ன பேர் என்று கேட்டேன். "பஸ் ரூட் முடிஞ்சுபோச்சு" என்றாய். அதற்கு மேல் அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. அம்மா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாய். கல்யாணம் காட்சி என்று எதையும் பார்க்காத உனக்கு அவளும், அவளுக்கு நீயும்தான்.

உன் ரத்தத்தில் நோய் இருப்பது தெரிந்தது அதற்கப்புறம்தான். திருநெல்வேலி டாக்டர் புதிதாக வந்த மாத்திரை ஒன்றை எழுதினார். நீ சீட்டை வாங்கவில்லை.

"எனக்கு முந்தி இத யாரு சாப்பிட்டா டாக்டர்?"

"நிறைய பேஷன்ட் சாப்பிடுறாங்கம்மா."

"அவங்களுக்கு முந்தி?"

"ட்ரையல்ல வாலண்டியர்ஸ். அதுக்கு முன்னாடி எலி, நாய்."

"அதுக என்ன ஆச்சு?"

அவர் பேனாவை மூடினார். "நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"அதுகளுக்குக் குடுத்த வேலை" என்றாய்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் தாங்கவில்லை. தெரிந்துகொண்டே ஏன் கேட்டாய் என்று சண்டை போட்டேன். "அவருக்குத் தெரியுமான்னு பாத்தேன்" என்றாய். நானே மாத்திரையை வாங்கி வந்தும் அட்டை பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து அந்த அட்டையைத்தான் முதலில் பார்ப்பேன். உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பாவ புண்ணியம் பார்க்கிற நேரமா இது என்று கத்தினேன். எனக்கு நீ வேண்டும், அவ்வளவுதான். எந்த நாய் செத்தால் எனக்கென்ன என்றுகூடச் சொன்னேன். அப்போது உள்ளறையிலிருந்து உன் அம்மா தண்ணீர் கேட்டாள். எழுந்து போய்க் கொடுத்துவிட்டு, அதே தம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரில் மாத்திரையை முழுங்கினாய்.

"எங்கம்மைய அனுப்பாம நான் போவ முடியாது. அதான். இது சரின்னு முழுங்கலட்டி, எனக்கு வேணும்னு முழுங்குனேன். ரெண்டும் வேற வேற."

மாத்திரை வேலை செய்தது. உன் கன்னத்தில் மறுபடி சதை பிடித்தது. அம்மாவை நீயே குளிப்பாட்டினாய், ஊட்டினாய், ஒரு தைமாதம் நீ பக்கத்தில் இருக்கும்போதே அவள் போனாள். நினைத்ததை முடித்துவிட்டாய். துட்டிக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகு என்னிடம், "எனக்கும் இப்படி ஊரே வரும். அந்தக் கூண்டுல போனதுகளுக்கு நீ ஒருக்கா போயி துட்டி கேட்ருட்டி" என்றாய். எங்கே போய் என்றேன். "அதான் எனக்கும் தெரியல" என்றாய். நோய் திரும்பிவிட்டது; அடுத்த சாரலுக்கு நீ இல்லை.

எங்கே போவது என்பதே எனக்கு இத்தனை நாளாகப் பெரிய யோசனையாக இருந்தது. துட்டி கேட்க ஒரு வீடு வேண்டும், வாசலில் உட்கார்ந்திருக்க நாலு பேர் வேண்டும். முந்தாநாள் பாட்டிலில் அந்த முயலைப் பார்த்ததும் வழி தெரிந்துவிட்டது. நேற்று மகளிடம் ஒன்றும் சொல்லாமல், நீ முயல்களுக்குப் பேரெடுத்த அந்தப் புளியங்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மாலை வாங்கவில்லை. யார் கழுத்தில் போட?

கண்டக்டர் ஒவ்வொரு பேராகச் சொன்னான். இலத்தூர் விலக்கு. கொடிக்குறிச்சி. இடைகால். ஒவ்வொரு ஊரிலும் யாரோ இறங்கினார்கள். கடையநல்லூர் தாண்டுவதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் எலுமிச்சைச் சாக்கைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா இருந்தாள். முந்தானையை நீட்டித் துடைக்கச் சொன்னாள்.

"துட்டிக்கா போறிய?"

"ஆமா."

"யாரு, சொந்தமா?"

"என் சிநேகிதிக்கு வேண்டியவுக."

"வயசானவுகளா?"

"இல்ல. சின்ன வயசுதான்."

"அட பாவமே. என்ன செஞ்சுச்சு?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "மருந்து ஒத்துக்கல."

அவள் உச்சுக்கொட்டினாள். சாக்கின் வாயை ஒருதரம் முறுக்கி விட்டுக்கொண்டு, "ஒரு வார்த்த கேட்டுட்டுல்லா குடுத்திருக்கணும். கேக்காம குடுத்துட்டாவளாக்கும்" என்றாள்.

ஆமாம் என்றேன். புளியங்குடி வந்துவிட்டது. துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்ட்டு வாரேன் என்று சொல்லக் கூடாதல்லவா, அவளிடமும் சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் நின்று திரும்பும் பஸ் ஏறினேன். தென்காசியில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே குற்றாலம் போனேன். கட்டிய சேலையோடு, நீ கண் கழுவிய அதே இடத்தில் தலை முழுகினேன்.

நீ கேட்கச் சொன்ன துட்டியைக் கேட்டாயிற்று. நான் கேட்கப் போன துட்டியை முன்பின் தெரியாத அந்த எலுமிச்சைக்காரி என்னிடம் கேட்டுவிட்டாள். இன்று காலை பிரஷர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேணும் என்றுதான் முழுங்கினேன். ஆனால் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது, அதற்கு உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இலத்தூர் என்ன சொல்லியிருக்கும்ட்டி?