ஊசி பட்டதா?

என் டீச்சரம்மாவுக்கு,

நலமா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் நலம்தான். தகடு வெட்டும்போது வலது கையில் சின்னக் கீறல், பதறாதே. இடது கையால் எழுதுவதால்தான் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது.

நீ வகுப்பில் நடத்தும் நாலு வகைத் திசுவையும் என் உள்ளங்கையிலேயே பார்த்துவிட்டேன். தோல், தசை, இணைப்புத் திசு எல்லாம் தையலில் கூடிவிடுமாம். நரம்புதான் சந்தேகம். விரலில் உணர்ச்சி இல்லையென்றால் மறுபடி மெஷினில் நிற்க விடமாட்டார்கள்.

கண்ணை மூடச் சொன்ன டாக்டர், ஊசி பட்டால் சொல்லச் சொன்னார்.

"படுது டாக்டர்."

"நான் இன்னும் ஊசியையே எடுக்கலப்பா."

நரம்பு மெல்லத்தான் வளருமாம். அதுவரை பழகிய துணி எதையாவது தினமும் தடவி, விரலுக்குத் தொடுகையை நினைவுபடுத்த வேண்டுமாம். இங்கே எனக்குப் பழகிய துணி ஏது? தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். பாப்பாவின் பழைய சட்டை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம்.