செல்வியின் மூச்சுக்குழாய்

ஜன. 8, திங்கள்
மூடுபனி. துவாரகாவிலிருந்து மெட்ரோ ஊர்ந்தது.

நாளை மயக்கம் கொடுக்கவேண்டியவர்களைப் பார்க்கச் சாயங்காலம் வார்டுக்கு. கடைசிக் கட்டில், செல்வி. என் வயசுதான். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். புருஷன், ஒரு மகள். தைராய்டு கட்டி, மாம்பழம் அளவு. கேஸ் ஷீட்டில் எல்லாம் நார்மல். கிளம்பியிருப்பேன். தமிழில் பேசியதும் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலிலேயே உட்கார்ந்தேன்.

"படுத்தா மூச்சு முட்டுது டாக்டரம்மா. கொஞ்ச நாளா உக்காந்தேதான் தூங்குதேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"டீக் ஹையா, நல்லாருக்கியான்னு கேப்பாங்க. டீக்னு சொல்லுவேன். நம்ம ஹிந்தி அம்புட்டுதான்."

படுக்கவைத்து மயக்கியிருந்தால் மூச்சே அடைத்திருக்கும். அவசரமாக ஸ்கேன். மூச்சுக்குழாய் நசுங்கி, ஸ்ட்ரா மாதிரி.

சர்ஜன் கபூருக்கு போன். மயக்காமலே, உட்காரவைத்து, மூக்கு வழியாகக் குழாய் விடப்போகிறேன், நேரமாகும். முனகினார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பால் வாங்க மறந்தாச்சு.

9, செவ்வாய்
சரியான தூக்கமில்லை. ஆபரேஷன் தியேட்டரில் முதலில் எல்லோரையும் கூப்பிட்டு, யார் எங்கே, என்ன செய்யணும் என்று சொன்னேன். குழாய் இறங்காவிட்டால் கழுத்தில் துளை போட கபூர், கையுறையோடு தயார்.

தொண்டை மரத்துப்போக மருந்து. குழாய் பாதி போனதும் இருமல். செல்வி மிரண்டு என் கவுனைப் பிடித்துவிட்டாள். ஆக்சிஜன் இறங்குகிறது. பின்னாலிருந்து கபூர்: "மயக்கிடுங்க! ஜல்தி!"

"கூடாது. யாரும் பேசாதீங்க, ப்ளீஸ். நான் மட்டும் பேசறேன்."

அவள் முகத்தருகே குனிந்தேன்.

"செல்வி, என்னைப் பாருங்க. மெதுவா மூச்சு விடுங்க. மகளை நெனச்சுக்கோங்க. நான் எங்கயும் போகலை."

பிடி தளர்ந்தது. குழாய் இறங்கியது. அதற்கப்புறம்தான் மயக்க மருந்து.

கட்டியை எடுத்தாச்சு, நல்லபடி கண் விழித்தாள். கான்டீனில் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான். கபூர் வந்து எதிரே டீயை வைத்தார். "நல்லவேளை, நான் சொன்னதைக் கேக்கலை நீங்க." ஹிந்தியில்.

10, புதன்
வெயில்! கட்டியை எடுக்கும்போது குரல் நரம்பில் கத்தி பட்டிருக்குமோ என்று ஒரு பயம் மிச்சமிருந்தது. வார்டு வாசலிலேயே செல்வியின் குரல் கேட்டது. கரகரவென்று, ஆனால் முழுசாக. போனில் புருஷனிடம்.

"ஐ.என்.ஏ. மார்க்கெட் வரைக்கும் போயிட்டுப் புளி வாங்காம வந்தியளா? ரசத்துக்கு எதப் போடுவிய?"

உள்ளே போகவில்லை. சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டே நின்றேன்.