ஸ்பீக்கருக்கு ஒரே ஆள் கணக்கு

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர். வாஷி ஆபீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் முழங்கால் வரை சேறு.

மேனேஜர் ரோஹித் கூப்பிட்டு டாஷ்போர்டைக் காட்டினான். எங்கள் ஆடியோ ஆப்பில் தமிழுக்கென்று மிச்சம் இருப்பது நான் பேசுகிற ‘பம்பாய்ப் பேச்சு’ நிகழ்ச்சி ஒன்றுதான். அதையும் கேட்க ஆளில்லையாம். “நம்பர் நஹீ ஹை, செல்வி.” மாதக் கடைசிக்குள் ஏறாவிட்டால் நிகழ்ச்சிக்கு மூடுவிழா. கூடவே எனக்கும்.

இதே ஆப்தான். வந்த புதிதில் ரயில் பெட்டியெல்லாம் எங்கள் போஸ்டர். பஸ் முதுகில் என் முகம்! தாராவி ஸ்டாப்பில் நின்று அம்மா போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள்கூட ரயிலில் என்னைக் கேட்டுக்கொண்டு போனார்கள். அப்புறம் புகுந்தது விளம்பரம், பேச்சுக்கு நடுவில் அல்ல, விளம்பரத்துக்கு நடுவில்தான் பேச்சு. அப்புறம் டவுன்லோடுக்குக் காசு. அப்புறம் வீடியோ வேண்டுமாம். காதால் கேட்கிற ஆப்பில் வீடியோ! கேட்டவர்கள் ஓடாமல் என்ன செய்வார்கள்?

வாங்க: கொசுவத்தி, உப்பு, குடை (மறுபடியும்).

ஜூன் 11, புதன்

காதர் அண்ணன் பட்டறைக்குப் போனேன். எதிர்ச் சந்தில் லெதர் பை தைக்கிற இடம். அம்மாவின் பைக்கு ஜிப் மாற்ற. உள்ளே மெஷின் சத்தத்துக்கு மேல் ஸ்பீக்கரில் என் நிகழ்ச்சி, என் குரல்.

அப்போதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன். ஒரே ஃபோன், ஒரே ஸ்பீக்கர், சுற்றிப் பட்டறை முழுக்க ஆள். மாடிப் பட்டறை, பக்கத்துப் பட்டறை, எங்கேயும் இதே கதை. கை நிறையப் பசையோடு யார் தனித்தனியாக ஹெட்ஃபோன் மாட்டுவார்கள்? கேட்கிறவர்கள் இத்தனை பேர், ஆப்புக்கு மட்டும் பட்டறைக்கு ஒரு ஆள்.

சொன்னதும் அண்ணனுக்கு வந்ததே கோபம்.

“என்னம்மா அநியாயமா இருக்கு? பட்டற பூரா கேக்கோம், ஒத்த ஆளுன்னு எழுதிக்கிடுவானா அவன்?”

“அவங்கவங்க ஃபோன்ல போட்டாத்தாண்ணே கணக்கு ஏறும்.”

“அம்புட்டுத்தான? நீ வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கிடுதேன்.”

ஜிப்பை மறந்துவிட்டு வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

ஏறிவிட்டது! கிடுகிடுவென்று! ரோஹித் என் மேஜைக்கே வந்து “க்யா பாத் ஹை!” என்றான். அவன் செலவில் டீ. இந்த ஆபீசில் இப்படி ஒன்று நடந்து எவ்வளவு நாளாயிற்று.

வீட்டில் அம்மா: “இந்த வேல நெலைக்கும்ங்கியா? பேங்க் பரிச்ச எழுதுட்டின்னா கேக்கியா?” இன்றைக்கு அதுகூடக் காதில் இனிமையாக விழுந்தது.

ஜூன் 18, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

நிகழ்ச்சி முடக்கம். மோசடி என்று சிஸ்டம் பிடித்துவிட்டதாம். ஒரே வைஃபையில் அத்தனை ஃபோன், நாள் முழுக்க ஓட்டம், ஒன்றிலும் சத்தம் இல்லை. ஆளே இல்லாத போலிக் கணக்காம்.

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். மனிதர் பெருமையாகச் சொல்கிறார். சந்து முழுக்கச் சொல்லி அனுப்பி, எல்லார் ஃபோனையும் வாங்கி, பலகையில் வரிசையாக அடுக்கி, காலையிலிருந்து பட்டறை மூடுகிறவரை ஓடவிட்டாராம்.

“எல்லாத்துலயும் நீ பேசுனா எரைச்சல் தாங்கலம்மா. அதான் சத்தத்த அமுக்கிட்டோம். கேக்கதுக்குத்தான் ஸ்பீக்கர் இருக்குல்லா?”

பாசத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? அவரைத் திட்ட வாய் வரவில்லை. எப்படிப் போட வேண்டும் என்று நின்று சொல்லாமல் குதித்துக்கொண்டு வந்தவள் நான்தானே.

எல்லாம் நிஜ ஆட்கள், வந்து பார் என்று ரோஹித்திடம் கெஞ்சினேன். நான் நம்புகிறேன், ஆனால் சிஸ்டம் நம்பாது என்கிறான். குரங்குப் பயல்.

ஜூன் 20, வெள்ளி

ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்தாயிற்று.

‘பம்பாய்ப் பேச்சு’ திங்களன்று திரும்ப வருகிறதாம். அதே பெயர், அதே பாட்டு. பேசப்போவது மெஷின். என் பழைய எபிசோடுகளையெல்லாம் கொடுத்து என் குரலையே செய்து வைத்திருக்கிறார்கள். எல்லா மொழிக்கும் இனி அப்படித்தான், ஆள் செலவு மிச்சம். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதானாம். எங்கே, காட்டு என்றால் ரோஹித் கையை விரிக்கிறான்.

என் குரலை வைத்துக்கொண்டு என்னைப் போ என்கிறார்கள். மீன் குழம்பு, ஒரு வாய் இறங்கவில்லை. அம்மாவிடம் ஆபீஸ் லீவு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூன் 25, புதன்

மழை விட்டிருக்கிறது. சந்தில் ஈ.

அண்ணனிடம் நேரில் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். அது நான் இல்லை, அந்த ஆப்பையே எல்லாரும் தூக்கி எறியுங்கள் என்று. அந்தப் பட்டறைக்காரர்களுக்காவது தெரியட்டும். மற்றவன் எவன் நம்பினால் என்ன?

உள்ளே ஸ்பீக்கரில் என் குரல். ரேஷன் கடை, திருநெல்வேலி டிக்கெட் என்று நான் பேசுகிற விஷயங்களேதான், எல்லாம் என் இழுவையோடு. நான் சிரிக்கிற இடத்தில் அதுவும் சிரிக்கிறது. ‘ழ’ என்னைவிடச் சுத்தம்.

அண்ணன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “வா வா. திங்கக்கெழமலேருந்து கொரலு கணீர்னு இருக்கே, என்னம்மா சாப்பிடுத?”

“அண்ணே, அத சொல்லத்தான் வந்தேன். அது வந்து…”

தையல் மெஷினில் இருந்த பட்டறைப் பையன் மைதீன், தையலிலிருந்து தலையைத் தூக்காமல் கையை மட்டும் உயர்த்தினான்.

“யக்கா, செத்த பேசாம இரிங்க. நீங்க பேசுததக் கேக்கோம்லா.”