சொத்தையென்று திருப்பப்பட்ட நூறு நாள்

வயல் விளைக, மழை அளவோடு பெய்க. மூன்று ஏரிகளுக்கும் இரண்டரைக் குன்றுகளுக்கும் உடையவரும், மூன்றாம் குன்றின் மறுபாதிக்கு இன்றளவும் உரிமை கோருபவரும், தம் குதிரையின்மேல் நூறு பாட்டுப் பாடியவருமாகிய கோ நன்மருதர் சொன்னபடி, மருதந்துறை நாட்டு ஓலைநாயகம் எழுதியது. கருவாற்றுப் பாலத்தின் மேல்கரைச் சுங்கவாயில் தலைவர் எயினன் சாத்தனார் காண்க. உமக்கும், உம் வாயிலுக்கும், சென்ற ஆண்டு மாற்றித் தருவதாகச் சொல்லி இன்னும் மாற்றித் தராத அதன் கீல்களுக்கும் நலம் உண்டாகுக.

உம் ஓலை நேற்று வந்தது. பாலத்தின் நடுவில் ஒருவன் ஆறு நாளாக உட்கார்ந்திருப்பதாகவும், அக்கரைக் குறுங்கடல் நாட்டார் இப்போது அவனைச் சொத்தைச் சரக்கு என்று திருப்பிவிட்டதாகவும், சொத்தைப் பாக்கை உள்ளே எடுக்கும் முறை உமக்குத் தெரியுமென்றும், சொத்தை மனிதனை எடுக்கும் முறை தெரியவில்லையென்றும் எழுதியிருந்தீர். கேள்வி நியாயமானது. இவ்வோலை வாயிலில் நின்று இரு கரைக்கும் கேட்கும்படி படிக்கப்பட வேண்டியது. ஆகையால் அறியாதவர்க்கும் விளங்கும்படி முதலிலிருந்தே எழுதலாயிற்று.

அவன் பெயர் அந்துவன். அரண்மனையில் நாழிகை வட்டிலின் அருகே உட்கார்ந்து, நீர் நிறையும்தோறும் இத்தனையாம் நாழிகை என்று கூவுவது அவன் வேலை. மனைவி பிள்ளைப்பேற்றின் பின் மூன்றாம் நாள் இறந்தாள். பெண் குழந்தை பிழைத்தது. மின்னி என்று பெயரிட்டான். அதன்பின் அவன் வேலை முடிந்தும் எண்ணுவதை நிறுத்தவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அடிகளை எண்ணுவான். சோற்றில் கை வைத்தால் பருக்கைகளை எண்ணுவான். பிள்ளை தூங்கினால் அதன் மூச்சை எண்ணுவான். யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டான்.

அரசர் தம் குதிரைப் பாட்டு நூற்றையும் அவையில் அரங்கேற்றிய நாளில், கடைசிப் பாட்டு முடிந்து அவை ஆரவாரிக்கும் முன் உண்டான சிறு இடைவெளியில், அவன் வாய் தன்னை அறியாமல் தொண்ணூற்றெட்டு என்றது. கெட்ட எண்ணத்தில் சொன்னதன்று. ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது. குதிரை காதிலும் விழுந்தது என்று சிலர் சொல்கிறார்கள், அதைப் பதியவில்லை.

நூறு நாள் நாடு கடத்தல் என்று தீர்ப்பாயிற்று. நம் நாட்டுக் குற்றவாளிகளைக் குறுங்கடல் நாட்டார் வைத்துக்கொள்வதும், அவர்களுடையவர்களை நாம் வைத்துக்கொள்வதும் பழைய உடன்படிக்கை. இவனோடு அனுப்பிய ஓலையின் ஒரு பக்கத்தில் நம் மொழியில் நூறு நாள் என்றும், மறுபக்கத்தில் அவர்கள் மொழியில் ஒரு கோந்தம் நாள் என்றும் எழுதியிருந்தது. இத்தனை தலைமுறையாக அப்படியே எழுதி வருகிறோம். முன்னால் போனவர்கள் எல்லாம் அங்கேயே கடை வைத்துக் கலியாணம் செய்துகொண்டவர்கள். திரும்பி வரவேண்டும் என்று அவசரப்பட்டவன் இவன் ஒருவனே.

அவசரத்தின் காரணம் மின்னி. இவன் போகும்போது அவளுக்கு வயது ஒன்றேகால். இவனுடைய அக்காள் பொன்னங்கை, கருவாற்றைத் தாண்டிப் பாக்கு விற்பவள், குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். நாடு கடத்தப்பட்டவர் பாலத்தின் பாதிவரை வந்து நிற்கலாம் என்பது விதி. எனவே நாள்தோறும் உச்சிப்பொழுதில் இவன் நடுப்பாலத்தில் நிற்பான். பொன்னங்கை மின்னியை இடுப்பில் வைத்து நம் கரையில் நிற்பாள். முதல் நாள் குழந்தை இரண்டு கையையும் நீட்டியது. ஒன்பதாம் நாள் தான் கடித்த அதிரசத்தில் பாதியை இவனுக்கென்று வீசியது. அது ஆற்றில் விழுந்தது. இருபத்தாறாம் நாள் அப்பா என்றது, ஆனால் பக்கத்தில் நின்ற உம் காவலனைப் பார்த்து. நாற்பத்தோராம் நாள் அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதற்குப்பின் நிமிரவில்லை. இன்னும் எத்தனை நாளில் முகம் அடியோடு மறந்துபோகும் என்பது ஒன்றுதான் அந்துவனுக்குத் தெரியவேண்டியிருந்தது. அதை எண்ணிச் சொல்ல யாராலும் முடியவில்லை.

நூறாம் நாள் காலையில் மூட்டையோடு பாலத்தில் ஏறினான். உம் காவலன் அக்கரையின் விடுப்பு முத்திரை எங்கே என்று கேட்டான். இவன் அக்கரையைத் திரும்பிப் பார்த்தான். அக்கரைக் காவலன், "எங்கே ஐயா கிளம்பிவிட்டீர், இன்னும் இருபது நாள் இருக்கிறதே," என்றான். கோந்தம் என்பது அவர்கள் பாக்குக் கூடையின் பெயர். அந்தக் கூடை ஆறு இருபது பாக்குக் கொள்ளும். ஆகவே அவர்களுக்கு நூறு என்பதே நூற்றிருபதுதான் என்று விளக்கினான். திரும்பிப் போனால் அவர்கள் கணக்கை ஒப்புக்கொண்டதாகும். வரவோ முத்திரை இல்லை. அந்துவன் மூட்டையை வைத்து நடுப்பாலத்தில் உட்கார்ந்தான். இங்கே முடிந்துபோன நாளும் அங்கே முடியாத நாளுமாக, இல்லாத நாட்களில் அவன் உட்கார்ந்திருந்தான் என்று சொல்லலாம்.

நூறு என்பது நூறு என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் அன்றே முடிந்திருக்கும் என்று நீர் நினைப்பீர். நாமும் நினைத்தோம். ஆனால் அப்படி எழுதினால் குதிரைப் பாட்டு என்னாவது என்று அமைச்சர் கேட்டார்.  முடிவில், நூறு எவ்வளவு என்பதுபற்றி அரசு எந்தக் கருத்தும் கொள்ளாது, அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் ஆராயலாம் என்று தீர்மானித்து, புலவர் வெள்ளைமாறனாரை இரண்டு வண்டி ஏடுகளோடு அனுப்பினோம். அவர்கள் பக்கத்தில் சந்தைத் தலைவர் உலகந்தையார் வந்தார். அந்துவனுக்கு இப்புறம் ஒரு பாயும் அப்புறம் ஒரு பாயும் விரித்து நான்கு நாள் வாதம் நடந்தது.

வெள்ளைமாறனார் நம் மொழியில் நூறு என்றால் பொடியாக்குதல் என்றும் பொருள் உண்டென்றும், அக்காலத்தில் எண்ணியவர்கள் அந்த இடத்துக்கு வரும்போது பொடியாகிப் போயிருப்பார்கள் என்றும் தொடங்கினார். வடமொழியார் சதம் என்பதையும், பாரசீகர் சத் என்பதையும், யவனர் எகதோன் என்பதையும் எடுத்து, இவையெல்லாம் பத்தைப் பத்தால் பெருக்கிய ஒரே பழஞ்சொல்லின் பிள்ளைகள் என்று நிறுவினார். அக்கரைக் காவலன் குறுக்கிட்டு, "ஓய் புலவரே, தொண்ணூறு என்கிறீரே, அதற்குள்ளேயே ஒரு நூறு ஒளிந்திருக்கிறதே. அப்படியானால் இந்த மனிதன் பத்து நாள் முன்பே எங்களை ஏமாற்றிவிட்டுப் போயிருக்கலாமே," என்றான். அதற்கு விடை சொல்லப் புலவர்க்கு ஒரு முழுப் பகல் ஆயிற்று. விடை சரியாகவே இருந்தது. கேட்க யாரும் இல்லை.

மறுநாள் உலகந்தையார், வடகடல் ஓரத்து மீனவர்களுக்கும் நூறு என்றால் ஆறு இருபதுதான் என்று தம் மாலுமிகளைச் சாட்சிக்கு அழைத்தார். அம்மாலுமிகளில் ஒருவன், மேலைத் தீவொன்றில் நூறு என்னும் சொல் ஓர் ஊர்ப்பகுதியின் பெயர் என்றும், அதற்குள் எத்தனை வீடு என்று அங்குள்ளவர்களுக்கே தெரியாதென்றும் சேர்த்துச் சொன்னான். உம் காவலன், "அப்படியானால் நம் ஆள் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும்," என்றான். அந்துவனையும் கருத்துக் கேட்டார்கள். எந்த நாட்டாருக்கு நூறு சிறியதோ அவர்கள் சொல்வது சரி என்றான். வெள்ளைமாறனார் அதை இலக்கணம் அன்று என்று தள்ளினார்.

ஐந்தாம் நாள் உலகந்தையார் களைத்துப் போய் உள்ளதைச் சொன்னார். கூடையில் இருபது கூடுதலாகப் போடுவது எதற்கென்றால், நூற்றுக்கு இருபது பாக்காவது சொத்தையாக இருக்கும் என்பதற்காக. வாங்குகிறவன் கையில் நல்ல பாக்கு நூறு நிற்கவேண்டும். நாளும் அப்படியே. ஒருவன் கழித்த நூறு நாளும் நல்ல நாள் என்று தெரிந்தால், கூடுதல் இருபது தேவையில்லை. முத்திரையை இப்போதே வைத்துவிடுவோம் என்றார். நாள் சொத்தையா நல்லதா என்று எப்படி அறிவது என்று புலவர் கேட்டார். வெட்டிப் பார்க்கவேண்டியதுதான், உள்ளே ஏதாவது இருந்தால் நல்ல நாள், ஒன்றும் இல்லாவிட்டால் சொத்தை என்றார் உலகந்தையார். சந்தைக்காரர் என்றாலும் நேர்மையான மனிதர்.

ஆறாம் நாள் காலை நாட்களை வெட்டத் தொடங்கினார்கள். உலகந்தையார் நாளைச் சொல்வார். அந்துவன் அதில் என்ன இருந்தது என்று சொல்லவேண்டும். முதல் நாள்: கை நீட்டினாள். நல்லது. இரண்டாம் நாள்: சிவப்புத் துண்டு கட்டியிருந்தாள். நல்லது. ஒன்பதாம் நாள் அதிரசத்துக்கு உலகந்தையாரே தலையாட்டினார். நாற்பத்தொன்றுவரை ஒன்றும் தவறவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் என்றார். எழுந்தேன், வந்து நின்றேன், போனேன் என்றான்.

நாற்பத்து மூன்று என்றார். அதே என்றான்.

உலகந்தையார் குரலைத் தாழ்த்தி, மழையாவது பெய்திருக்குமே, ஏதாவது சாப்பிட்டிருப்பீரே, யாராவது ஏசியிருப்பார்களே என்று எடுத்துக் கொடுத்தார். பொய் சொல்லியிருக்கலாம்; இரு கரையிலும் அதையே எதிர்பார்த்தார்கள். அந்துவன் யோசித்துப் பார்த்து, பெய்திருக்கலாம், எனக்குத் தெரியவில்லை என்றான். நாழிகைக்காரன், இல்லாததை இருப்பதாகக் கூவிப் பழக்கமில்லை. நூறுவரை அப்படியே போயிற்று. ஐம்பத்தொன்பது நாள் சொத்தை. அவற்றுக்கு ஈடாக ஐம்பத்தொன்பது நாள் இருக்கவேண்டும், அவற்றிலும் சொத்தை விழுந்தால் அவற்றுக்கு ஈடாகவும் இருக்கவேண்டும் என்று உலகந்தையார் வருத்தத்தோடு சொன்னார். இவன் கழிக்கும் நாட்கள் போகிற போக்கில் அது முடியப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்துவன் மூட்டையை மறுபடி அவிழ்க்கத் தொடங்கினான்.

அப்போதுதான் பொன்னங்கை கரையிலிருந்து கத்தினாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறோம். "யோவ் சந்தைத் தலைவரே, போன தை மாதம் என் கூடையில இருபத்தோரு சொத்தை இருந்துதுன்னு மொத்தக் கூடையையும் பாலத்துக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டீரே, ஞாபகம் இருக்கா? இருபதுக்கு மேல ஒண்ணு போனாலும் கூடை திரும்பணும், அனுப்பினவ மறுபேச்சு பேசாம எடுத்துக்கணும், அதுதானே உம்ம சட்டம்? என் தம்பிகிட்ட ஐம்பத்தொன்பது இருக்கு. அவனை மட்டும் எதுக்கய்யா வச்சிக்கிட்டிருக்கீர், ஊறுகாய் போடவா?"

 சட்டம் அதுதான் என்றார் உலகந்தையார். திருப்பும் சரக்குக்கு இடுகின்ற கரிக்கோட்டை அந்துவனின் மூட்டையின்மேல் இட்டார். வெள்ளைமாறனார் இன்னும் ஒரு வண்டி ஏடு பிரிக்கப்படாமல் இருப்பதை நினைவூட்டினார்; யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் உம் கேள்வி எழுந்தது. விடை வருமாறு.

அந்துவனைத் திருப்பப்பட்ட சரக்கு என்னும் வகையில் உள்ளே எடுக்கவும். அவ்வகைக்கு விடுப்பு முத்திரை வேண்டாம், கேட்கவேண்டாம். சொத்தைச் சரக்கை வாயிலருகே ஆற்றில் கொட்டும் வழக்கம் இவனுக்குப் பொருந்தாது. உம் காவலர்க்கு இதைத் தனியே சொல்லவும். எத்தனை நாள் கழித்தான் என்னும் இடத்தை ஒன்றும் எழுதாமல் விடவும். அதில் எந்த எண்ணை எழுதினாலும் அரண்மனையில் யாருக்காவது மனம் வருந்தும்.

சரக்கின் உடையவர் யார் என்னும் இடத்தில் மின்னி என்று எழுதவும். அவளுக்கு எழுத வராது. விரலை மையில் தோய்த்து வைத்தால் போதும். அனுப்பியவர் மறுக்கக்கூடாது என்னும் சட்டம் அவளுக்கு இல்லை. அவள் இவனை அனுப்பவும் இல்லை. இவன் கிட்டே வரும்போது அவள் யாரோ என்று எண்ணி அழலாம். அழுவாள் என்றே நினைக்கிறோம். அழுதால் யாரும் சிரிக்கவேண்டாம், அதட்டவேண்டாம், இதோ பார் அப்பா என்று கற்பிக்கவேண்டாம். இவன் நாலடி பின்வாங்கிப் பாலத்தில் உட்காரட்டும். பொன்னங்கை அவளை இறக்கி விடட்டும். மைக்கிண்ணம் இருவருக்கும் நடுவில், அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

அவள் விரல் வைக்கும்வரை வாயிற்கதவைச் சாத்தக்கூடாது. பொழுது சாய்ந்தாலும், காவல் மாறினாலும், மழை வந்தாலும் சாத்தக்கூடாது. இது ஆணை. அரசரின் முத்திரையும் ஓலைநாயகத்தின் கையும் கீழே உள்ளன.