அஞ்சுக்கு அஞ்சு

1979, ஆடி 10

பேரன் செல்லையா குற்றாலம் மெயின் அருவியில் போலீஸ் வயர்லெஸ் பார்க்கிறான். மத்தியானம் அவனுக்குச் சோறு கொண்டுபோனேன்.

கை கழுவப் போகையில், "ஆச்சி, மேல மலையிலேருந்து கூப்பிட்டா இந்த சுவிட்சை அமுக்கி, எப்படிக் கேக்குதுன்னு ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள சொல்லு. குறைச்சுச் சொன்னா நிறுத்தி நிறுத்தி ரெண்டு தரம் சொல்லுவாங்க" என்றான்.

கூப்பிட்டார்கள். ஒரே இரைச்சல். குறைத்துச் சொன்னால் பேரனுக்கு மார்க் போய்விடும் என்று நினைத்து, "அஞ்சு" என்றேன். அந்த ஆள் ஒரே மூச்சில் கடகடவென்று சொல்லி முடித்துவிட்டார். தண்ணி என்பது மட்டும் காதில் விழுந்தது.

"என்ன ஆச்சி சொன்னாங்க?"

"சும்மாதாம்லே. நீ சாப்பிடு."

அவன் சாப்பிட்டு முடிக்குமுன் மலையிலிருந்து வெள்ளம் பாய்ந்து வந்துவிட்டது. குளித்துக்கொண்டிருந்த சுரண்டைக்காரர் ஒருவரை இன்னும் காணவில்லை. அஞ்சு என்று சொன்னது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். செல்லையா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான்தான் ஐயா" என்றான். நான் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சுரண்டைக்காரர் பெண்சாதி அவருடைய மாற்று வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பாறையோரம் நின்றாள். அவளைத் தாண்டித்தான் பஸ் ஏறினேன்.