புகைக்குழாயும் உத்தரமும்

பம்பாய்,
மே 1982

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஆத்தாவின் இருமல் நின்றதா?

மலையில் ஏலக்காயைச் சூடேற்றி உலர்த்த நாம் கட்டும் ஸ்டோருக்கு நான் வரைந்த இரண்டு பிளானையும் நேற்று ஆபீசில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். புகைக்குழாய் போகும் இடத்திலேயே உத்தரமும் வருகிறது. பெரிய விஷயமில்லை, குழாயை ஒரு முழம் தள்ளினால் போதும். ஆனால் கொத்தனார் சுருளிவேல் மாமா, "தாள்ல உள்ளபடியே கட்டிப்புடுறேன், மாப்ளே" என்றாரே, அதுதான் பயமாக இருக்கிறது. கான்கிரீட் போடாமல் நிறுத்தி வையுங்கள். தந்தி கொடுத்தால் ஆத்தா பதறிவிடுவாள் என்றுதான் கடிதம் எழுதுகிறேன்.

பதிலை ஆத்தா சொல்லச் சொல்ல, அவள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

ஒருவேளை கான்கிரீட் போட்டுவிட்டால், நீங்கள் தந்தியே அடியுங்கள். அதைக் காட்டினால்தான் இங்கே லீவு தருவார்கள்.

உங்கள் மகன்,
ராஜாராம்